நான் அப்பவே சொன்னேன்

நண்பர் ஒருவரின் மகள் உளவியலில் பிஎச்.டி. செய்கிறாள். ஒரு நாள் ராத்திரி பதினொன்றரைக்கு மெயில் அனுப்பியிருந்தாள். 'அங்கிள், ஒரு ஜர்னலுக்கு அனுப்பப் போறேன். இங்கிலீஷ் மட்டும் பார்த்துக் குடுங்க. சைக்காலஜி பார்க்க வேண்டாம்.' கூடவே 31 பக்கக் கட்டுரை. பார்க்க வேண்டாம் என்று சொன்னால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்பது அவள் படித்த சைக்காலஜியில் இன்னும் வரவில்லை போலிருக்கிறது.

விஷயம் எளிமையானது. வகுப்பில் கையால் எழுதிக் குறிப்பெடுப்பவர்களுக்குப் பாடம் அதிகம் நினைவிருக்குமா, லேப்டாப்பில் தட்டுபவர்களுக்கா? கல்லூரி மாணவர்களை இரண்டு கோஷ்டியாகப் பிரித்து, ஒரே பாடத்தைக் கேட்க வைத்து, உடனே ஒரு தேர்வு, ஒரு வாரம் கழித்து இன்னொரு தேர்வு. முடிவு: கையால் எழுதியவர்களுக்கு அதிகம் நினைவிருந்தது. ஆனால் பெண்களுக்கு மட்டும். அதுவும் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் மட்டும்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது முடிவு அல்ல, முன்னுரை. அதில் முதல் பக்கத்திலேயே, ஏன் பெண்களுக்கு மட்டும், ஏன் ஒரு வாரம் கழித்து மட்டும் இந்த வித்தியாசம் வர வேண்டும் என்று பன்னிரண்டு பழைய ஆய்வுகளைச் சாட்சிக்கு அழைத்து, படிப்படியாக நிறுவியிருந்தாள். துப்பறியும் கதை மாதிரி. கடைசிப் பக்கத்தில் முடிவு வரும்போது 'அட, சொன்ன மாதிரியே!' என்று தோன்றுகிறது. மறுநாள் காலை போன் பண்ணினேன்.

"இவ்வளவு துல்லியமா எப்படிம்மா முன்கூட்டியே யோசிச்சே?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை.

"யோசிக்கலை அங்கிள். ரிசல்ட் அப்படி வந்துது. கைடுதான் இன்ட்ரோவை மாத்தி எழுதச் சொன்னார்."

"முதல்ல என்ன எதிர்பார்த்தே?"

"எல்லாருக்குமே வித்தியாசம் வரும்னு. வரலை."

"வேற எப்படியெல்லாம் பிரிச்சுப் பார்த்தே?"

"காலை பேட்ச், மத்தியானம் பேட்ச், சயின்ஸ், ஆர்ட்ஸ், ஹாஸ்டல், டே ஸ்காலர்… எண்ணலை அங்கிள்."

நம் எல்லார் வீட்டிலும் ஒரு பெரியப்பா இருப்பார். கல்யாணம் முறிந்தாலும், சீட்டுக் கம்பெனி ஓடிப்போனாலும், இந்தியா தோற்றாலும் 'நான் அப்பவே சொன்னேன்' என்பார். எப்போது சொன்னார் என்று யாரும் கேட்பதில்லை, வயசுக்கு மரியாதை. இந்தப் பெண்ணின் முன்னுரையை அந்தப் பெரியப்பா எழுதியிருக்கிறார். நல்ல ஆங்கிலத்தில், அடைப்புக்குறிக்குள் ஆண்டுகளெல்லாம் போட்டு.

அவளைக் குற்றம் சொல்லப் புறப்படவில்லை. அவளுடைய லேபில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டுரையின் போட்டோகாப்பி கொடுக்கிறார்களாம், 'இதைப் படித்துவிட்டு எழுது' என்று. கேட்டு வாங்கிப் படித்தேன். இந்த வாரம் உங்களிடம் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

எழுதியவர் டாரில் பெம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் பேராசிரியராக இருந்தவர். 1987-ல் ஒரு தொகுப்பு நூலுக்காக, ஆய்வுக் கட்டுரையை எப்படி எழுதுவது என்று சொல்லும் அத்தியாயம் ஒன்றை எழுதினார். பிறகு 2000-களின் ஆரம்பத்தில் அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். உளவியல் படிக்கும் பிள்ளைகளிடம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிற கட்டுரை இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எழுதுவதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் நான் படித்த மிகச் சிறந்த பக்கங்களில் சில இதில் இருக்கின்றன. கட்டுரை மணற்கடிகாரம் போல் இருக்க வேண்டும் என்கிறார் பெம். மேலே அகலமாக ஆரம்பித்து, நடுவில் உங்கள் பரிசோதனைக்குக் குறுகி, மறுபடி கீழே உலகத்துக்கு விரிய வேண்டும். முதல் வாக்கியத்தில் உளவியல்காரர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று ஆரம்பிக்காதே, மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஆரம்பி. யாருக்காக எழுதுகிறாய் என்று கேட்டால் அவர் கொடுக்கும் பட்டியலில் முதலாண்டு மாணவர் இருக்கிறார், ஓவிய வரலாறு சொல்லிக்கொடுக்கும் சக பேராசிரியர் இருக்கிறார், பாட்டி இருக்கிறார். பாட்டிக்குப் புரிகிற மாதிரி ஆராய்ச்சிக் கட்டுரை! நம் பல்கலைக்கழகங்களில் எழுதுகிறவருக்கே புரியாமல் எழுதினால்தான் டாக்டர் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் இதைத் தினம் காலையில் பாராயணம் செய்யலாம்.

இதையெல்லாம் படித்துத் தலையாட்டிக்கொண்டே போகும்போது ஒரு இடம் வருகிறது. நீங்கள் எழுதக்கூடிய கட்டுரைகள் இரண்டு என்கிறார். பரிசோதனையைத் திட்டமிட்டபோது மனதில் இருந்த கட்டுரை ஒன்று. முடிவுகளைப் பார்த்த பிறகு எது பொருந்துகிறதோ அந்தக் கட்டுரை இன்னொன்று. எதை எழுதுவது? சந்தேகமே வேண்டாம், இரண்டாவதைத்தான் என்கிறார். அதற்கு வழியும் சொல்கிறார். தரவுகளை எல்லாக் கோணத்திலும் திருப்பிப் பார். ஆண் பெண் தனித்தனியாகப் பிரித்துப் பார். புதுப்புது அளவுகோல் செய்து பார். ஒத்துவராத ஆட்களைத் தற்காலிகமாக ஓரமாக வைத்துவிட்டுப் பார். தூண்டில் போடு, ஏதாவது சிக்கும்.

சிக்கியது தற்செயலான மீனாக இருக்கலாம், மறுபடி பரிசோதித்துப் பார்ப்பது நல்லது என்கிற எச்சரிக்கையும் பெம் எழுத்தில் உண்டு. அதை மறைத்தால் நானும் தரவுகளை ஓரமாக வைத்தவனாகிவிடுவேன். ஆனால் ஒரு கட்டுரையைப் படித்து வாசகன் எடுத்துக்கொண்டு போவது எது என்பது அதன் சுருதியில் இருக்கிறது. இங்கே சுருதி தூண்டிலில் இருக்கிறது, எச்சரிக்கையில் இல்லை. அந்த லேபில் யாருக்கும் எச்சரிக்கை ஞாபகம் இல்லை. மணற்கடிகாரமும் தூண்டிலும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

தூண்டில் போட்டால் என்ன தப்பு என்று கேட்பீர்கள். சிக்கின மீன் மீன்தானே?

இல்லை. கொஞ்சம் கணக்கு, பயப்படாதீர்கள். உளவியலில் 'பி-மதிப்பு' என்று ஒன்று இருக்கிறது. உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத ஓர் உலகத்தில், நீங்கள் பார்த்த அளவு வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ தற்செயலாகக் கண்ணில் பட எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண். அது 0.05-க்குக் கீழே இருந்தால் ஜர்னல் கதவு திறக்கும். அதாவது, இருபதில் ஒரு தடவை ஏமாறலாம் என்று ஊரே கூடி ஒப்புக்கொண்ட ஏற்பாடு. ஒரே ஒரு கேள்வியை முன்கூட்டி எழுதிவைத்து, ஒரே ஒரு தடவை சோதித்தால் இந்த ஏற்பாடு நியாயம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இருபது கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால், ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏதாவது ஒன்றாவது 'சிக்கும்' வாய்ப்பு 64 சதவீதம். காலை பேட்ச், மத்தியானம் பேட்ச், ஹாஸ்டல், டே ஸ்காலர்… நம் பெண் எண்ணாமல் விட்டது அதைத்தான்.

இருபது கேள்வி கேட்டதைக் கட்டுரையில் சொன்னால் படிக்கிறவர் கணக்குப் போட்டுக்கொள்வார். முன்னுரையை மாற்றி எழுதும்போது அந்த இருபதில் பத்தொன்பது காணாமல் போகிறது. மிச்சம் இருக்கும் ஒன்று ஞானதிருஷ்டியாகிவிடுகிறது. 1998-ல் நார்பர்ட் கெர் என்கிற உளவியலாளர் இந்தப் பழக்கத்துக்கு 'ஹார்க்கிங்' என்று பெயரே வைத்துவிட்டார். முடிவு தெரிந்த பிறகு கருதுகோள் செய்வது. தமிழில் பெரியப்பாத்தனம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெம் புகழ்பெற்றது இந்த அத்தியாயத்தால் அல்ல. 1960-களிலும் 70-களிலும் அவர் முன்வைத்த 'சுய அவதானிப்பு'க் கொள்கையால். நம் மனதில் என்ன இருக்கிறது என்பது நமக்கே நேரடியாகத் தெரியாது, பல சமயம் நம் நடத்தையை வெளியிலிருந்து பார்த்துத்தான் ஊகிக்கிறோம் என்பது சாரம். 'பசிக்கலை' என்று சொல்லிக்கொண்டே ஏழு இட்லி சாப்பிட்டுவிட்டு, 'அப்ப பசிதான் போலிருக்கு' என்கிறோமே, அது. இப்படி ஒரு கொள்கையைச் சொன்னவருக்கு, முடிவைப் பார்த்துவிட்டு 'அப்ப இதைத்தான் நினைத்திருப்பேன் போலிருக்கு' என்று எழுதும் ஆராய்ச்சியாளனின் ஆபத்து மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஏன் தெரியவில்லை என்பது எனக்கு இன்னும் புதிர்.

இனி 2011. உளவியலின் மிகப் பெரிய ஜர்னல்களில் ஒன்றான 'ஜர்னல் ஆஃப் பெர்சனாலிட்டி அண்ட் சோஷியல் சைக்காலஜி'யில் பெம் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒன்பது பரிசோதனைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். சொன்ன விஷயம்: மனிதர்களுக்கு வருங்காலம் கொஞ்சம் தெரிகிறது.

கிண்டல் இல்லை. ஒரு பரிசோதனையில் கம்ப்யூட்டர் திரையில் இரண்டு திரைச்சீலைகள். ஒன்றின் பின்னால் படம், இன்னொன்றின் பின்னால் வெறும் சுவர். எதில் படம் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் கம்ப்யூட்டர் எதில் வைப்பது என்று சீட்டுக் குலுக்கும். பாதிக்குப் பாதிதான் சரியாக வர வேண்டும். விரசமான படங்களுக்கு மட்டும் 53.1 சதவீதம் சரியாக வந்தது! மற்ற படங்களுக்கு 49.8. வருங்காலம் தெரியும், ஆனால் அதில் ஏ சர்டிபிகேட் படம் மட்டும் தெரியும்.

இன்னொரு பரிசோதனை நம் மாணவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். வார்த்தைகளைக் காட்டி, ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னார். எழுதி முடித்த பிறகு, அதில் சில வார்த்தைகளை மட்டும் மறுபடி தட்டிப் பயிற்சி செய்யச் சொன்னார். பிற்பாடு பயிற்சி செய்த வார்த்தைகள்தான் முன்பு எழுதிய தேர்வில் அதிகம் ஞாபகம் வந்திருந்தனவாம். பரீட்சை எழுதிவிட்டு வந்து படித்தால் மார்க் கூடும்.

ஒன்பதில் எட்டு பரிசோதனைகளில் பி-மதிப்பு கதவைத் திறந்தது. கட்டுரை எல்லா விதிகளையும் அனுசரித்திருந்தது. மதிப்புரையாளர்கள் படித்தார்கள், ஆசிரியர்கள் படித்தார்கள், ஒரு குறையும் சொல்லித் தள்ள முடியவில்லை. அதே இதழில் எரிக்-யான் வாகன்மேக்கர்ஸ் என்கிற டச்சுக்காரரும் அவர் சகாக்களும் எழுதிய மறுப்பும் வந்தது. அவர்கள் சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது. பெம் மோசமாக ஆராய்ச்சி செய்துவிட்டார் என்பது அல்ல, உளவியலில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறோம், இந்த வழியில் போனால் இங்கேதான் வந்து சேருவோம் என்பது.

பெம் பொய் சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும். தரவுகளைத் திரித்தார் என்று யாரும் சொல்லவில்லை. மற்றவர்கள் செய்து பார்க்கட்டும் என்று சாஃப்ட்வேரைக்கூடக் கொடுத்தார். திரைச்சீலைப் பரிசோதனையில் வந்த 100 பேரில் முதல் 40 பேருக்கு ஒரு விதமான படக் கலவை, அடுத்த 60 பேருக்கு வேறு கலவை என்பதைக் கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார். ஒளித்தால் மோசடி. ஒளிக்காமல், அது தப்பென்றே தோன்றாமல் எழுதுவதற்கு என்ன பெயர்? எட்டு வயசுப் பையன் கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரை கோட்டைத் தாண்டி வைத்துவிட்டு, எல்லார் கண் எதிரிலும் காயைப் போடுகிறான். அவனுக்கு அந்த வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்து நடந்தது இன்னும் ருசி. ஸ்டூவர்ட் ரிச்சி, ரிச்சர்ட் வைஸ்மன், கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் என்று மூன்று பேர் பிரிட்டனில் அந்தப் 'பரீட்சைக்குப் பிறகு படிக்கும்' பரிசோதனையை மூன்று இடங்களில் அப்படியே செய்து பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. எழுதி, பெம் கட்டுரையை வெளியிட்ட அதே ஜர்னலுக்கு அனுப்பினார்கள். ஏற்கெனவே செய்ததை மறுபடி செய்த ஆய்வுகளை நாங்கள் வெளியிடுவதில்லை என்று திரும்பி வந்தது! வருங்காலம் தெரியும் என்றால் போடுவோம், தெரியவில்லை என்றால் போட மாட்டோம். வேறு சில கதவுகளையும் தட்டிவிட்டு, 2012-ல் 'ப்ளோஸ் ஒன்' இதழில் வந்தது. அந்த ஜர்னலும் பிறகு அதே ஆண்டில் மனம் மாறி, வேறொரு குழு மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஏழு பரிசோதனைகளை வெளியிட்டது. அதிலும் வருங்காலம் மசியவில்லை.

பெம் கட்டுரை வந்த அதே 2011-ல் ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சன் என்று மூன்று பேர் ஒரு குறும்பு செய்தார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்கள் 20 பேருக்குப் பாட்டுப் போட்டார்கள். சிலருக்கு பீட்டில்ஸின் 'வென் ஐம் சிக்ஸ்டி-ஃபோர்', சிலருக்கு 'கலிம்பா' என்கிற வேறு ஓர் இசை. பிறகு பிறந்த தேதியைக் கேட்டார்கள். பீட்டில்ஸ் கேட்டவர்களுக்குச் சராசரி வயது 20.1, மற்றவர்களுக்கு 21.5. அப்பாவின் வயதைக் கணக்கில் கழித்துப் பார்த்தபோது வந்த பி-மதிப்பு 0.04. ஆகவே பாட்டுக் கேட்டால் ஒன்றரை வயசு குறைகிறது. இளமையாகத் தோன்றுவது இல்லை, நிஜமாகவே பிறந்த தேதி தள்ளிப்போகிறது!

தரவுகள் அத்தனையும் நிஜம். ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. எதைச் சொல்வது, எதை விடுவது என்று மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு கட்டுரையின் கடைசியில், சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அதே பத்தியை மறுபடி எழுதிக் காட்டினார்கள். ஞானம் கேலிக்கூத்தாகிறது. இரண்டு அளவுகளில் நல்லதைப் பொறுக்குவது, போதவில்லை என்றால் இன்னும் பத்துப் பேரைச் சேர்ப்பது, ஆண் பெண் பிரித்துப் பார்ப்பது, ஒத்துவராத பிரிவை விடுவது… இந்த நாலு சின்னச் சலுகைகளை ஒன்றாக எடுத்துக்கொண்டால், ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏதோ இருப்பதாகக் காட்டும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 60.7 சதவீதத்துக்குப் போகிறது என்று கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார்கள். விமரிசனம் என்றால் இப்படி இருக்க வேண்டும். எதிராளியின் பேனாவாலேயே எழுதிக் காட்டுவது. பெம்மின் அத்தியாயத்துக்கு வந்த மிகச் சிறந்த மதிப்புரை என்று நான் இதைத்தான் சொல்வேன், அதற்காக எழுதப்பட்டதில்லை என்றாலும்.

விளைவு என்ன? 2015-ல் ஒரு பெரிய குழு, மூன்று முக்கிய ஜர்னல்களில் 2008-ல் வந்த ஆய்வுகளில் 100-ஐ எடுத்து மறுபடி செய்து பார்த்தது. அசலில் 97 சதவீதம் பி-மதிப்புக் கதவைத் தாண்டியிருந்தன. மறுபடி செய்ததில் 36 சதவீதம். இந்த 97 என்கிற எண்ணைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. 1959-லேயே தியோடர் ஸ்டெர்லிங் என்பவர் நாலு உளவியல் ஜர்னல்களை எண்ணிப் பார்த்து, சோதனை செய்த கட்டுரைகளில் சுமார் 97 சதவீதம் 'நினைத்தது நடந்தது' ரகம் என்று எழுதியிருந்தார். அரை நூற்றாண்டாக உளவியல்காரர்கள் எதையுமே தப்பாக ஊகித்ததில்லை. வள்ளுவர் கோட்டம் வாசலில் கிளி வைத்துக்கொண்டிருந்தவருக்குக்கூட இந்த சராசரி கிடையாது.

நம் பெண்ணின் 31 பக்கத்துக்கு வருவோம். அதில் எனக்குத் திருத்த ஒன்றும் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் பாணி அப்பழுக்கில்லாமல் பின்பற்றப்பட்டிருந்தது. 1929-ல் ஏழு பக்கக் கட்டுரையாக ஆரம்பித்த அந்த விதிப் புத்தகம், 2019-ல் வந்த ஏழாம் பதிப்பில் 400 பக்கத்தைத் தாண்டிவிட்டது. சுருக்கம் 250 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. பி-மதிப்பு ஒன்றைத் தாண்டவே முடியாது என்பதால் புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடக் கூடாது. (நான் மேலே போட்டிருக்கிறேன், மன்னிக்கவும்.) முற்றுப்புள்ளிக்குப் பிறகு ஒரு இடைவெளி. முந்தின பதிப்பில் கைப்பிரதிக்கு இரண்டு சிபாரிசு செய்திருந்தார்கள். அந்த ஆறாம் பதிப்பு 2009-ல் வந்தபோது முதல் அச்சில் ஏகப்பட்ட பிழைகள், மாதிரிக் கட்டுரைகளிலேயே. விதிப் புத்தகம் விதியை மீறியதால் கடைசியில் வாங்கியவர்களுக்குப் புதுப் பிரதி மாற்றித்தர வேண்டியதாயிற்று. திட்டமிட்ட ஆய்வு எது, தேடிப்பார்த்தது எது என்று பிரித்துச் சொல் என்கிற அறிவுரையும் இப்போது அதில் இருக்கிறது. ஆனால் மார்ஜின் தப்பானால் கட்டுரை திரும்பி வரும். பெரியப்பாத்தனத்துக்காகத் திரும்பி வந்ததாக இவள் லேபில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஒரு மாற்று வந்திருக்கிறது. 2013-லிருந்து 'கார்ட்டெக்ஸ்' என்கிற ஜர்னல் ஆரம்பித்து வைத்தது, இன்று நூற்றுக்கணக்கான ஜர்னல்கள் செய்கின்றன. முன்னுரையையும் செய்முறையையும் பரிசோதனைக்கு முன்பே அனுப்ப வேண்டும். மதிப்புரையாளர்கள் அப்போதே படித்துத் திருத்துவார்கள். கேள்வி நல்ல கேள்வி என்றால், விடை என்னவாக வந்தாலும் வெளியிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிடுவார்கள். பெரியப்பா, மேட்சுக்கு முன்னால் சீட்டில் எழுதி, கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். 2021-ல் ஆன் ஷீலும் சகாக்களும் எண்ணிப் பார்த்தார்கள். வழக்கமான கட்டுரைகளில் முதல் கருதுகோள் ஜெயித்தது 96 சதவீதம். கவர் ஒட்டிய கட்டுரைகளில் 44.

கதை எழுதுகிறவனாக எனக்கு ஒரு வருத்தமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். இந்தப் புதுக் கட்டுரைகள் படிக்கச் சுமார். 'இதை எதிர்பார்த்தோம், வரவில்லை. அதை எதிர்பார்த்தோம், அதுவும் வரவில்லை' என்று ரேஷன் கடை போர்டு மாதிரி போகின்றன. பெம்மின் பாட்டி இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிடுவார். சுவாரஸ்யமாக எழுதத் தெரிந்தவர், நடந்ததை நடந்த வரிசையில் எழுதினாலும் சுவாரஸ்யமாக எழுத முடியும் என்று நினைக்கிறேன். எதிர்பார்த்தது வராமல் போன இடம்தான் எந்தக் கதையிலும் நல்ல இடம். பெம் அந்தத் திறமையையும் சொல்லிக்கொடுத்திருக்கலாம், அவருக்கு அது முடிந்திருக்கும். நான் அந்த அத்தியாயத்தைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். எழுத்து பற்றிய பக்கங்களை வைத்துக்கொண்டு, தூண்டில் பக்கங்களில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு அவளுக்கு அனுப்பினேன்.

அவளிடம் பேசினேன். உபதேசம் பண்ண எனக்கு யோக்கியதை இல்லை. என் கதைகளில் முடிவை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தோதாக ஆரம்பத்தை ஜோடிப்பதுதான் என் தொழில். அவளுக்கு ஸ்காலர்ஷிப் முடிய ஏழு மாசம். பிஎச்.டி.க்குக் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்கிற கட்டாயத்தை யுஜிசி 2022-ல் எடுத்துவிட்டது. ஆனால் வேலைக்குப் போனால் முதலில் கேட்பது 'எத்தனை பப்ளிகேஷன்?' என்றுதான். இதைக் கணக்கில் எடுக்காமல் நேர்மை பற்றிப் பேசுவது, பஸ்ஸில் சீட்டில் உட்கார்ந்துகொண்டு நிற்கிறவனுக்குப் பொறுமை சொல்லிக்கொடுக்கிற மாதிரி.

"இரண்டு இன்ட்ரோவும் வச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"பழசு இருக்கு அங்கிள். அசடு மாதிரி இருக்கும்."

அனுப்பச் சொல்லிப் படித்தேன். நாலு பக்கம். கையால் எழுதினால் நினைவிருக்கும் என்று தன் அம்மாவைப் பார்த்து நம்பியதாகவும், அது நிஜமா என்று தெரிந்துகொள்ள விரும்பியதாகவும் ஆரம்பித்திருந்தாள். மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஆரம்பி என்றாரே பெம், அதே மாதிரி. இங்கிலீஷில் நாலு இடம் திருத்தினேன். இதுதான் நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதினேன்.

பதில் மூன்று வாரம் வரவில்லை. பிறகு ஒரு நாள், பழைய முன்னுரையோடு, மொத்தக் கூட்டத்தில் வித்தியாசம் வரவில்லை என்பதை முதலில் சொல்லி, எத்தனை விதமாகப் பிரித்துப் பார்த்தாள் என்பதற்கு ஒரு அட்டவணையும் போட்டு (இப்போது எண்ணியிருந்தாள், 22), பெண்கள் விஷயத்தை 'தேடும்போது கண்ணில் பட்டது, யாராவது சோதித்துப் பார்க்க வேண்டும்' என்று கடைசியில் இரண்டு வரியில் வைத்து அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். கைடுக்கு முகம் சரியில்லையாம். ஆனாலும் கையெழுத்துப் போட்டாராம்.

முதல் ஜர்னல் பதினோரு நாளில் திருப்பியது. எங்கள் வாசகர்களுக்கு ஆர்வம் இருக்காது என்று. இரண்டாவது ஜர்னல் ஐந்து மாதம் வைத்திருந்து, திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறது. போன வாரம் போன் பண்ணினாள்.

"அங்கிள், ரெண்டாவது ரிவ்யூவர் என்ன எழுதியிருக்கார் தெரியுமா?"

"மார்ஜின் சரியில்லைன்னா?"

"பெண்களுக்கு மட்டும் வந்த ரிசல்ட்தான் இந்தப் பேப்பரிலேயே சுவாரஸ்யமான விஷயமாம். அதை ஏன் மெயின் ஹைப்பாதிசிஸா வச்சு இன்ட்ரோவை மாத்தி எழுதக் கூடாதுன்னு கேட்டிருக்கார்."

பதில் எழுத அறுபது நாள் கொடுத்திருக்கிறார்கள்.